களை முளைக்காத பாதை

செலஸ்தீன் கெய்க்கென்ஸை எனக்கு முப்பத்தொரு வருஷமாகத் தெரியும். என் பெயர் நெஸ்ட். தோட்டச் சங்கத்தில் என்னுடைய துண்டு நிலம் எட்டாம் நம்பர், அவளுடையது ஒன்பது. நடுவில் இடுப்பளவுக்கு ஒரு கம்பிவேலி. அந்த வேலிக்கு மேலாக விதை கைமாறியிருக்கிறது, காபி கைமாறியிருக்கிறது, வசவும் தாராளமாகக் கைமாறியிருக்கிறது. எங்கள் ஊரான ஹெய்டெர்லோவில் அவளைத் தெரியாதவர் கிடையாது, ஏனென்றால் இருபத்தெட்டு வருஷம் சைக்கிளில் ஊர் முழுக்கத் தபால் போட்டவள் அவள். நாய் அவளைக் கடித்தால் அவள் நாயின் எஜமானைக் கடிப்பாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். கடித்ததில்லை, ஆனால் ஒரு நாயின் எஜமானைத் தபால் பையால் அடித்திருக்கிறாள், நான் பார்த்தேன்.

எங்கள் கெம்பன் வட்டாரத்து மண் வெறும் மணல். புளிப்பு மண். உருளைக்கிழங்கும் ஊசியிலை மரமும் தவிர வேறெதுவும் தானாக வந்து குடியேறாது. அந்த மண்ணில்தான் ஆலை வந்தது. துத்தநாகத்தை உருக்கி எடுத்தபின் மிஞ்சும் கறுப்புச் சாம்பலை வேலையாட்களுக்கு இனாமாகக் கொடுத்தார்கள். நாங்களும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டோம், கோழிக்கூட்டின் முன்னால் போட்டோம், தோட்டப் பாதையில் போட்டோம். மழை பெய்தாலும் சேறு ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அதில் ஒரு களை முளைக்காது. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்தால் அந்தப் பாதையைக் காட்டித்தான் பெருமை அடித்துக்கொள்வோம். ஏன் ஒன்றுமே முளைக்கவில்லை என்று எங்களில் ஒருவராவது கேட்டோமா? இல்லை. நான் கொத்தனார், கல்லும் மண்ணும் என் தொழில், நானே கேட்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

செலஸ்தீனின் புருஷன் அல்ஃபோன்ஸ் அந்த ஆலையில் உலைக்காரன். தோட்டம் கிடைத்த முதல் வருஷமே அவனும் அவளுமாக முப்பது தள்ளுவண்டிச் சாம்பல் கொண்டுவந்து, ஒன்பதாம் நம்பரைச் சுற்றியும் குறுக்கேயும் பாதை போட்டார்கள். சங்கத்திலேயே அழகான பாதை அதுதான். அல்ஃபோன்ஸ் இறந்து பத்து வருஷமாகிறது. பாதை மட்டும் அப்படியே இருந்தது.

சங்கத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செப்டம்பர் கடைசி ஞாயிறு சூப் நாள். கொட்டகையில் ஒரு பெரிய அண்டா ஏறும். தலைவர் ஒக்தாவ் நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்று முதல் இருபத்திரண்டு வரை நம்பர் கூப்பிடுவார். கூப்பிட்ட நம்பர்காரர் எழுந்து தன் துண்டில் விளைந்த லீக்ஸை, வெங்காயத்தாள் இனத்துத் தடித்த தண்டு அது, ஒரு கட்டாக மேஜைமேல் வைப்பார். எல்லாருடையதும் ஒரே அண்டாவில் வேகும். நம்பர் கூப்பிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதைப் போல அவமானம் எங்கள் ஊரில் வேறில்லை. ஒன்பதைக் கூப்பிட்டால் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்ப்போம். அவளுடைய லீக்ஸ் என் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். பிப்ரவரி பிறந்தால் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு வாங்கிக் கொட்டுவாள். அது அவளுடைய பைத்தியம் என்று நினைத்தோம். என் துண்டில் சுண்ணாம்பு போடச் சொல்லி அவள் நச்சரித்ததும், "என் மண்ணு ஒண்ணும் சுவரு இல்ல வெள்ளையடிக்க" என்று நான் சொன்னதும் வருஷாவருஷம் நடக்கிற சடங்கு.

இந்த வருஷம் மே மாதம் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. தோட்டத்து வாசலுக்குப் பக்கத்தில் மண்ணெடுத்துச் சோதித்தார்களாம். துத்தநாகமும் காட்மியமும் அளவுக்கு மேல் இருக்கிறதாம். எங்கே எவ்வளவு என்று சொல்ல முடியாதபடி விஷம் தாறுமாறாகப் பரவியிருந்தால் மொத்த இடத்தையும் அரை மீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, விளையாட்டரங்கத்துக்குக் கார் நிறுத்துமிடம் போடுவார்களாம். ஜூன் பதினேழாம் தேதி கூட்டம், ஆட்சேபம் இருந்தால் ஆதாரத்தோடு வரவும்.

அதே வாரம்தான் என் பீன்ஸ் படுத்தது. முதல் இரண்டு இலையும் நல்ல பச்சையாக வந்தன. மூன்றாவது இலையில் நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். மத்தியானம் வந்தால் தண்ணீருக்கு அலைகிற மாதிரி தலை தொங்கிவிடும். நான் வாளி வாளியாக ஊற்றினேன். ஒக்தாவ் வந்து பார்த்துவிட்டு வறட்சி என்றார். நான் விதை சரியில்லை என்றேன். செலஸ்தீன் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏய் நெஸ்ட், மண்ணத் தொட்டுப் பாத்தியா?"

"தொட்டேன். ஈரமாத்தான் இருக்கு."

"ஈரமா இருக்கு, செடி வாடுது. அப்ப அது தாகமா?"

"பின்ன என்னவாம்? நீ டாக்டரு, சொல்லு."

"ஒண்ணப் புடுங்கு."

பிடுங்கினேன். வேர் கட்டை விரல் நீளம்கூட இல்லை. பழுப்பாக, நுனி தீய்ந்து, பிரஷ் மாதிரி குட்டையாக இருந்தது.

"பாத்தியா? குடிக்கிற வாயே வெந்துபோச்சு. நீ ஆத்தையே திருப்பி விட்டாலும் அதால குடிக்க முடியாது. நீ என்னடான்னா கொட்டிக்கிட்டே இருக்க."

மறுநாள் அவள் ஊர் முழுக்கச் சுற்றிக் காலி டின்கள் சேகரித்தாள். பட்டாணி டின், பீச் பழ டின், மீன் டின் எதையும் விடவில்லை. தபால்காரிக்கு எந்த வீட்டில் எது கிடைக்கும் என்று தெரியாதா? இருபத்திரண்டு டின்னில் அடியில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு துண்டிலிருந்தும் மேல்மண் எடுத்து நிரப்பி, ஒரே பையிலிருந்து ஒரே விதையை மும்மூன்றாகப் போட்டாள். நம்பரை ஆணியால் டின்னிலேயே கீறினாள். தன் வீட்டுக் கண்ணாடி வராந்தாவில் வரிசையாக வைத்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டியால் ஒரே அளவு தண்ணீர்.

"மனுஷன்னா பொய் சொல்வான், பீன்ஸ் சொல்லாது" என்றாள். "ஒரே விதை, ஒரே வெயில், ஒரே தண்ணி. வித்தியாசம் வந்தா அது மண்ணு. வேற சாக்குச் சொல்ல முடியாது, தலைவரே."

அவள் 'தலைவரே' என்றாலே ஒக்தாவ் நோட்டைப் புரட்டத் தொடங்கிவிடுவார். மரியாதைக்காக அவள் அப்படிக் கூப்பிடுவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

நான்கு வாரம். தினமும் போய்ப் பார்த்தேன், காபிக்காகத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாம் வாரம் வரைக்கும் எல்லா டின்னும் ஒரே மாதிரி இருந்தன. எனக்குச் சிரிப்புத்தான். "அவசரப்படாத. இதுவரைக்கும் விதைக்குள்ள இருந்த கட்டுச்சோத்தத் தின்னுச்சு. இனிமேத்தான் மண்ணுகிட்டச் சாப்பாடு கேக்கணும்" என்றாள். அவள் சொன்னபடியே ஆயிற்று. மூன்றாம் வாரம் மூன்று, நான்கு, எட்டு, பதினான்கு, பதினைந்து, இருபது ஆகிய ஆறு டின்னில் மட்டும் மஞ்சள் தட்டியது. மற்றவை தளதளவென்று நின்றன.

அன்றைக்கு மத்தியானம் அவள் மேஜைமேல் ஒரு பழைய ஊர் வரைபடத்தை விரித்தாள். தோட்டம் வருவதற்கு முன்னால் அங்கே வெறும் புதர்க்காடு இருந்தது. ஆலை வாசலிலிருந்து கால்வாய்த் துறைக்கு மாட்டுவண்டி போக ஒரு சாம்பல் ரோடு அதன் குறுக்கே ஓடியது. பிறகு மேலே மண் போட்டு மூடிவிட்டார்கள், ஊரும் மறந்துவிட்டது. அவள் மறக்கவில்லை. தபாலில் சேர்ந்த புதிதில் அதுதான் அவளுடைய குறுக்குவழி, அந்தச் சாம்பலின் கூர் அவளுடைய சைக்கிள் டயரை வருஷத்துக்கு இரண்டு தின்றது.

பென்சிலால் கோடு இழுத்தாள். வாசலில் தொடங்கி மூன்று, நான்கு, எட்டு வழியாகச் சாய்வாகப் போய்ப் பதினான்கு, பதினைந்து, இருபதில் வெளியேறியது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"செலஸ்தீன், இது போதுமே! ரோடு போன இடத்துல மட்டும் தோண்டுனா போதும்னு சொல்லிடலாம். தோட்டம் பொழச்சுது!"

அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். எட்டுக்கும் பதினான்குக்கும் நடுவில் கோடு ஒன்பதுக்குள் புகுந்து போகிறது. ஒன்பதாம் டின்னோ இருபத்திரண்டிலும் செழிப்பான டின்.

"உன்னுது தப்பிச்சுது பாரு. உனக்கு எப்பவும் அதிர்ஷ்டம்" என்றேன்.

"காபி ஆறுது, குடி" என்றாள்.

கூட்டத்துக்கு மண்வளத் துறையிலிருந்து க்ரீட் என்ற பெண் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸோடு வந்ததால் எனக்கு அவள்மேல் கொஞ்சம் மதிப்பு ஏற்பட்டது. நகராட்சிக்காரர் பளபளக்கும் ஷூவோடு வந்திருந்தார். இருபத்திரண்டு டின்னையும் கொட்டகை மேஜையில் வரிசையாக அடுக்கியிருந்தோம். ஒக்தாவ் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினார், ஏதோ எல்லாம் தன் யோசனை போல.

க்ரீட் ஒவ்வொரு டின்னாகக் குனிந்து பார்த்தாள், வேரைக் கழுவிப் பார்த்தாள், வரைபடத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்பதில் விரலை வைத்தாள்.

"ரொம்ப அழகாப் பண்ணியிருக்கீங்க. ஆனா இங்க ஒதைக்குதே. ரோடு இதுக்குள்ளதானே போகணும்? இது சுத்தமா இருக்கே."

நகராட்சிக்காரர் உடனே பிடித்துக்கொண்டார். "அதத்தான் நாங்களும் சொல்றோம். கோடுமில்ல ஒண்ணுமில்ல, அங்கொண்ணும் இங்கொண்ணுமாக் கெடக்கு. எங்க இருக்கு, எங்க இல்லன்னு யாராலயும் சொல்ல முடியாது. மொத்தமாத்தான் எடுக்கணும்."

க்ரீட் உதட்டைப் பிதுக்கினாள். "ஒன்பது இப்படி இருக்குற வரைக்கும் இத ரோடுன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாதுங்க."

இருபத்திரண்டு குடும்பத்தின் தோட்டம் ஒரு பட்டாணி டின்னில் தொங்கிக்கொண்டிருந்தது. செலஸ்தீன் எழுந்தாள். தபால்காரிக் குரல் அவளுக்கு, தெருக்கோடி வரை கேட்கும்.

"ஒன்பது சுத்தம் இல்ல."

"அம்மா, செடி நல்லாத்தானே..."

"பீன்ஸ் பொய் சொல்லல, பாப்பா. நான்தான் அதுக்கு இருபத்தெட்டு வருஷமா லஞ்சம் குடுத்து வச்சிருக்கேன். வருஷத்துக்கு எட்டு மூட்டைச் சுண்ணாம்பு. எனக்கும் மூணாம் வருஷமே மஞ்சள் தட்டுச்சு, இதே மாதிரி. சுண்ணாம்பு போட்டேன், தெளிஞ்சுது. வருஷாவருஷம் போட்டேன். அடியில ரோடும் இருக்கு, மேல நானும் எம் புருஷனும் கொட்டுன முப்பது வண்டிச் சாம்பலும் இருக்கு. ஒரு முழம் தோண்டிப் பாரு, கறுப்பா வரும்."

க்ரீட் மெதுவாகத் தலையசைத்தாள். சுண்ணாம்பு புளிப்பை முறித்தால் உலோகம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், வேருக்கு எளிதில் போகாது, அதனால்தான் செடி தேறியது என்றாள். ஆனால் போகவே போகாது என்பதில்லை. துத்தநாகம் மிஞ்சினால் செடி மஞ்சளடித்துக் காட்டிவிடும். காட்மியம் அப்படி இல்லை, இலை பார்க்க நன்றாகவே இருக்கும், தின்கிறவரின் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"தெரியும்" என்றாள் செலஸ்தீன். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி துண்டுத்தாள் வந்துச்சே, சாம்பல் பக்கத்துல கீரை, லீக்ஸ் போடாதீங்கன்னு. அத வீடு வீடாப் போட்டதே நான்தான். என் வீட்டுக்கும் ஒண்ணு போட்டேன். படிச்சேன். மடிச்சு டிராயர்ல வச்சுட்டு லீக்ஸ் நட்டேன். எட்டு வருஷமா அது சூப் அண்டாவுக்கும் வந்துச்சு. நீங்களும் குடிச்சீங்க. தப்பு என்னோடது. இப்பச் சொல்லிட்டேன். கோட்ட நேரா இழு, முதல்ல ஒன்பதத் தோண்டு."

சொல்லிவிட்டு உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். தலை குனியவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாங்கள் கழுத்தை நீட்டிப் பார்த்த லீக்ஸ்! அவளே கையில் திணித்ததை எத்தனை முறை வீட்டுக்கு எடுத்துப் போய் உருளைக்கிழங்கோடு மசித்துத் தின்றிருப்பேன்! வெளியே வந்ததும் அவள் முகத்துக்கு நேராகவே கத்தினேன். அவள் நான் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டாள்.

"முடிஞ்சுதா?"

"முடியல!"

"சரி, நாளைக்கு மிச்சத்தத் திட்டு. வேலிப் பக்கம்தான் இருப்பேன்."

மறுநாள் நான் போகவில்லை. பத்து நாள் போகவில்லை. பதினோராம் நாள் புறாக்கூண்டைச் சுத்தம் செய்தபோது தட்டுக்கு அடியில் விரித்திருந்த காகிதம் உரிந்து வந்தது. எச்சத்துக்கு நடுவில் எழுத்து தெரிந்தது: 'உங்கள் தோட்டமும் சாம்பலும்'. அதே துண்டுத்தாள். அவள் படித்துவிட்டாவது டிராயரில் வைத்தாள். நான் படிக்காமலே புறாவுக்கு விரித்திருக்கிறேன். என் பாதையும் சாம்பல்தான், என் கோழிகள் கொத்தினதும் சாம்பலில்தான். வெட்கமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். தொப்பியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

அங்கே க்ரீட்டின் ஆட்கள் ஒன்பதில் குழாய் இறக்கியிருந்தார்கள். ஒரு முழம் வரை சாக்லேட் நிறத்தில் நல்ல மண், முப்பத்தொரு வருஷத்து எருவும் சுண்ணாம்பும். அதற்குக் கீழே கரி மாதிரி கறுப்பு. செலஸ்தீன் பக்கத்தில் நின்று, பள்ளம் நேராக இல்லை என்று ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"திட்ட வந்தியா?"

"இல்ல. காபி இருக்கான்னு பாக்க வந்தேன்."

"ஃபிளாஸ்க்ல இருக்கு. எனக்கும் ஊத்து."

முடிவு ஜூலையில் வந்தது. கோடு நேராக இருந்தது. ஆறு துண்டுகளில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு மட்டும் தோண்டி நல்ல மண் போடுவார்கள், எல்லாருடைய சாம்பல் பாதையையும் வாரிக்கொண்டு போவார்கள், கார் நிறுத்துமிடத்துக்கு வேறு இடம் பார்ப்பார்கள். ஒன்பது மட்டும் முழுசாகப் போயிற்று. வேலி முதல் கொட்டில் வரை அரை மீட்டருக்கு மேல் வழித்தெடுத்துப் புதுமண் கொட்டினார்கள். மூன்று வருஷம் அதில் தின்கிற எதையும் நடக்கூடாது என்று பலகை வைத்தார்கள். ஆட்கள் அவளுடைய லீக்ஸைக் கறுப்புப் பையில் கட்டிக்கொண்டு போனபோது, செப்டம்பரில் மணிக்கட்டுத் தடிமன் ஆகியிருக்க வேண்டிய அந்த லீக்ஸ், அவள் பையின் முடிச்சைச் சரிபார்த்தாள், அவ்வளவுதான். என் கண்தான் கலங்கியது. டாக்டர் அவளுடைய சிறுநீரைச் சோதித்தார், வயதுக்கு மோசமில்லை என்றாராம். "என் சிறுநீரகத்துக்கும் சுண்ணாம்பு அடிச்சிருக்கேன்னு சொன்னேன்" என்று சிரித்தாள்.

தோட்டமில்லாமலும் தினமும் வந்தாள். யார் எப்போது சுண்ணாம்பு போட வேண்டும், யார் மண்ணில் புளிப்பு எவ்வளவு என்று நோட்டுப் போட்டு எழுதி எல்லாரையும் விரட்டினாள். நான் நான்கு மூட்டை போட்டேன். ஐந்தாவதையும் போடச் சொன்னாள், போட்டேன். ஆகஸ்ட்டில் போட்ட இரண்டாம் விதைப்பு பீன்ஸ் பச்சைப்பசேலென்று கொடியேறியது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு சூப் நாள் வந்தது. அவள் வருவாளா என்று எனக்குச் சந்தேகம். முதல் ஆளாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், மடியில் ஒரு செய்தித்தாள் சுருள். ஒக்தாவ் நோட்டைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொருவராக லீக்ஸ் கட்டை வைத்தார்கள். என் எட்டைக் கூப்பிட்டார், போய் வைத்தேன், ரோடு போகாத மூலையில் விளைந்தது, என் வாழ்க்கையிலேயே தடித்த லீக்ஸ். திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒக்தாவ் வாயைத் திறந்தார், மூடினார். அந்த மனிதர் நல்லவர்தான், நேராகப் பத்துக்குப் போகப் பார்த்தார்.

"பத்..."

"தலைவரே! உங்களுக்கு எண்ணத் தெரியாதா?"

ஒக்தாவின் காது சிவந்தது. "ஒன்பது" என்றார்.

செலஸ்தீன் எழுந்து போனாள். லீக்ஸ் குவியலுக்குப் பக்கத்தில் செய்தித்தாளைப் பிரித்தாள். உள்ளே ஒரு களைச்செடி. பல்பல்லாக வெட்டிய இலை, ஒரு மஞ்சள் பூ, கிள்ளினால் பால் வடியும் தண்டு, எல்லாருடைய புல்வெளியிலும் நாங்கள் திட்டிக்கொண்டே பிடுங்குகிற அதே செடி. ஆனால் இதன் வேர் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக, நுனி உடையாமல் இருந்தது. வேரில் புதுமண் ஒட்டியிருந்தது.

"எங்கேருந்து?" என்றார் ஒக்தாவ்.

"ஒன்பதுல. எங்க பாதை இருந்த இடத்துல. நான் நடல, அதுவா வந்துச்சு."

எல்லாரும் எழுந்து வந்து மேஜையைச் சுற்றி நின்றோம். முப்பத்தொரு வருஷமாக அந்தப் பாதையைப் பார்த்தவர்கள் நாங்கள். ஒக்தாவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து நோட்டில் ஒன்பதுக்கு எதிரில், மற்றவர்களுக்குப் போடுவது போலவே, ஒரு டிக் போட்டார்.

"அண்டாவுல போட்ராதீங்க" என்றாள் செலஸ்தீன். "பாத்தாச்சுல்ல? பத்தக் கூப்பிடு."